எந்தக் கடை முர்தபா

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சாபம் உண்டு. வீடு பற்றி எரிந்தாலும், தண்ணீரை எந்தக் கிணற்றில் மொள்ளுவது என்று முதலில் சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் உடனே ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டவருக்கு அது மானக்கேடு. இந்தச் சாபத்தையும் சுமந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் ஒரு நாள் மலாக்கா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அம்மா, சித்தப்பா, அண்ணி, நான். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சோறு தண்ணீர் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவர், வாய் திறந்து கேட்டது ஒரு முர்தபா, கறியும் முட்டையும் வைத்து மடித்துச் சுடுகிற ரொட்டி. அதை எந்தக் கடையில் வாங்குவது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. டுரியான் துங்காலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அதற்காக எங்கள் ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. விடியற்காலை பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது கேட்டில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள், கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்லுவாள். வெறும் வயிற்றோடு போய், வேலை முடிந்து திரும்ப வேலிக்குள் வந்தால்தான் கஞ்சி. அடுத்த லயத்து அக்கா ஒருத்தி, பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட் மடியில் இருந்ததை மறந்து போய்விட்டாள். அவளைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வந்தபோது, அந்தப் பிள்ளை அவளை அடையாளம் தெரியாமல் வீரிட்டு அழுதது.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. கையில் தின்கிற பொருள் எது இருந்தாலும், கேட்டைக் கண்டதும் வாயில் போட்டு விழுங்கிவிட வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. குழந்தை சப்பிக்கொண்டிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கித் தாய் விழுங்குவாள், குழந்தை அழும், வரிசை நகரும். "கேட்டு வருது, முழுங்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். நான் தூக்கத்தில்கூட அதைச் சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

வேலி போட்டதும் நாங்கள்தான் என்பது வேறு விஷயம். கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் ஆள் தோட்டத்திலிருந்துதான் போனது. மழையில் சாய்ந்துபோன ஒரு பக்கத்தை நிமிர்த்திக் கட்டும்போது கம்பி தெறித்து அண்ணனின் கெண்டைக்காலைக் கிழித்தது. அவர் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் மரம் வெட்டப் போனார். கால் வீங்கியது, கறுத்தது, நாற்றம் எடுத்தது. மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலில்லாதவன் மரம் வெட்ட முடியாது. மரம் வெட்டாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கஞ்சிக் கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். அண்ணி அழுதாள், அம்மா திட்டினாள், இரண்டுக்கும் அவர் அசையவில்லை. அந்த வார்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் டிரெஸராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். அவர்தான் போன வாரம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காயம் நல்லா ஆறுது அம்மா. ஆனா பெடியன் சாப்பிடுறானில்லை. இப்பிடியே விட்டா உடம்பு தாங்காது. நேற்று நான் விடாமக் கேக்க, முர்தபா எண்டு ஒரு சொல்லுச் சொன்னவன். வேற கதை இல்லை. அடுத்த முறை வரேக்க அதை வாங்கிக்கொண்டு வாங்கோ. டாக்குத்தரிட்ட நான் சொல்லுறன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் நாங்கள் மூச்சு விட்டோம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி வெளியே போகப் பாஸ் வாங்கி, கேட்டில் தடவல் எல்லாம் முடிந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்துவிட்டோம். வந்து இறங்கிய இடத்திலேயே ஆரம்பித்தது.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்குத் தோட்டத்து லாரியில் ரப்பர் ஷீட் ஏற்றி இறக்கும் வேலை. மலாக்கா டவுனைத் தானே கல் சுமந்து கட்டியதுபோலப் பேசுவார்.

"பேச்சே வேணாம். பாலத்தடி காக்கா கடை. முட்டை ரெண்டு ஒடைச்சு ஊத்துவாருலா. கறிய அள்ளி வைப்பாரு."

"அங்க வெங்காயமே சரியா வதங்காது சின்ன மாமா" என்றாள் அண்ணி. "கிளேபாங் ரோட்டுல, கடலோரமா ஒரு ஸ்டால் இருக்கு. அதுதான் அவருக்குப் புடிக்கும்."

அண்ணி கிளேபாங் பக்கத்துப் பெண். ரோட்டு வேலை செய்த அப்பாவுக்குப் பிறந்து, மரமே வெட்டத் தெரியாமல் எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்த ஒரு குற்றத்துக்காக எங்கள் வீட்டில் அவள் சொல் அம்பலம் ஏறாது.

"எத்தன மணிக்குத் தொறப்பான் ஒன் ஸ்டாலுக்காரன்?" என்று கேட்டார் சித்தப்பா.

"சாயங்காலம்."

"சாயங்காலம் நாம வேலிக்குள்ள இருப்போம். ஊரடங்குல ஒன் மாமியாரு றெக்கை கட்டிப் பறந்து வந்து வாங்குவாங்களா?"

அம்மா கையைத் தூக்கி இரண்டு பேரையும் அடக்கினாள். "அவங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது இதே பஸ் ஸ்டேசனுக்குப் பின்னால. அந்த மாதிரி ஒண்ணு இனிமே பொறந்துதான் வரணும். அதத்தான் எம்பிள்ளைக்கு வாங்கணும்."

அம்மா வாழ்நாளில் முர்தபா சாப்பிட்டது அந்த ஒரே தடவை. அப்பா செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. செத்தவர் வாங்கிக்கொடுத்த கடையை எதிர்த்து யார் பேசுவது?

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எது பக்கமோ அத வாங்குங்க. அவரு அங்க செத்துக்கிட்டு இருக்காரு, நீங்க இங்க சர்ட்டிபிகேட் குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

"வாய மூடுடி" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒன்றுபட்டது அதில் மட்டும்தான்.

பஸ் ஸ்டேசனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். அப்பா வாங்கிய கடை இருந்த இடத்தில் ஒரு சீனர் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நம்பவில்லை. அவரிடமே போய் "முர்தபா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். கடையைச் சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாரோ என்பதுபோல அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். அவளை அங்கிருந்து இழுத்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் ஆரம்பித்திருக்கும்.

பாலத்தை நோக்கி நடக்கும்போது அண்ணி மறுபடியும் சொன்னாள். "நீங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் கிளேபாங் போய் ஸ்டாலுக்காரரு தொறக்குற வரைக்கும் ஒக்காந்து வாங்கிட்டு வர்றேன்."

"கடைசி பஸ்ஸ விட்டுட்டு? கேட்டுல ஒரு தலை கொறைஞ்சா எங்க எல்லாரையும்லா லாரியில ஏத்துவான்!" என்று நடுத்தெருவில் கத்தினார் சித்தப்பா.

அவர் சொன்னதும் நியாயம்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாதா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் காதில் வாங்காத மாதிரி நடந்தோம்.

பாலத்தடிக் கடையில் கல் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தது. கடைக்காரக் காக்கா மாவு உருண்டையை எடுத்து விசிறி, வேட்டியைப்போல மெல்லிசாக விரித்துக் கல்லில் போட்டார். கொத்துக்கறி, வெங்காயம், அதன்மேல் முட்டை. நாலு பக்கமும் மடித்து நெய்யைச் சுற்றிலும் விட்டார். அந்த வாசனைக்கு என் வயிறு குரல் கொடுத்தது. காலையிலிருந்து நாங்கள் யாரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, சாப்பிடவும் தோன்றவில்லை. வாழையிலையில் வைத்து, பேப்பரில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மாராப்புக்குள் அணைத்துக்கொண்டாள். சூடு பொறுக்காமல் முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் எங்கள் கையில் தரவில்லை.

"பத்தே எட்டுல ஆஸ்பத்திரி" என்று சித்தப்பா சொன்னார். அது அவர் கணக்கு. வேகுவேகென்று நடந்தோம். அம்மா முன்னால் ஓடுகிறாள், நாங்கள் பின்னால். "எழுந்து ஒக்காந்து சாப்புடுவான், பாரேன். மோப்பம் புடிச்சே எழுந்துருவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு தைரியம் வந்திருந்தது.

ஆஸ்பத்திரி மேட்டுக்குத் திரும்பும் வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பு. பக்கத்தில் போலீஸ் லாரி. சட்டைக்கு மேல் பெல்ட் கட்டிய ஆட்கள் துப்பாக்கியோடு நின்று, வருகிறவர்களை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நின்றாள். நாங்களும் நின்றோம். யாரும் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அம்மாவின் கை மாராப்புக்குள் போனது, நூல் அறுந்தது, பேப்பர் கிழிந்தது.

"கேட்டு! முழுங்குங்கடி!"

ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். கையில் விழுந்தது வாய்க்குப் போனது. நாக்கு சுட்டது. அண்ணி அழுதுகொண்டே மென்றாள். சித்தப்பா மெல்லவே இல்லை, அப்படியே இறக்கினார். அம்மா இலையில் ஒட்டியிருந்த வெங்காயத்தையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, இலையைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்தாள். எத்தனை நாள் பழக்கம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு முழு முர்தபா நான்கு வயிற்றுக்குள் போய்விட்டது. ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்கு அந்த ருசி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலவும் இருக்கிறது.

பிறகு நல்ல பிள்ளைகளாக வரிசையில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு மனிதர். ஒரு கையில் அடுக்குச் சட்டி, இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பிரசவித்த மனைவிக்குக் கொண்டுபோகிறாராம். போலீஸ்காரர் அவருடைய அடையாளக் கார்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போகச் சொன்னார். சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

டவுனுக்குள் சாப்பாடு கொண்டுபோகத் தடை கிடையாது. அது தோட்டத்து வேலிக்கும் காட்டோரத்து ரோட்டுக்கும் உள்ள சட்டம். இது சித்தப்பாவுக்குத் தெரியும். லாரியில் வந்து போகிறவர், டவுனில் நூறு தடவை பார்த்தவர். ஆனால் கம்பையும் துப்பாக்கியையும் கண்டபோது அவருக்கும் அது மறந்துவிட்டது.

போலீஸ்காரர் எங்கள் கார்டுகளைப் பார்த்தார். சித்தப்பாவின் மீசையில் நெய் மினுங்கியது. சின்ன வயசுக்காரர், சிரித்துக்கொண்டே "சுடா மாக்கான், பக்சிக்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா பெரியவரே என்று மரியாதையாகத்தான் கேட்டார். சித்தப்பா "சுடா, சுடா" என்று தலையாட்டினார்.

கம்பைத் தாண்டியதும் அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாயிலேயே இரண்டு தடவை அறைந்துகொண்டாள். "எம்பிள்ளை சோத்த நானே தின்னுட்டேனே! பெத்தவ செய்யிற காரியமா இது?"

"நீங்கதானே அண்ணி மொதல்ல பிரிச்சீங்க!" என்று அம்மாமேல் பாய்ந்தார் சித்தப்பா.

"நீ ஏன்டா முழுங்குன? டவுனு தெரிஞ்சவன்தானே நீ?"

"கிளேபாங்குக்குப் போயிருந்தா..." என்று அண்ணி ஆரம்பித்தாள். சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். நான் குறுக்கே போய் நின்றேன். திரும்பிப் போய் இன்னொன்று வாங்கி வர நேரம் இல்லை. பார்வை நேரம் முடிய மணி அடித்துவிடுவார்கள், அதை விட்டால் அடுத்த பாஸ் எப்போது கிடைக்கும் என்று கிராணிக்கே தெரியாது. அண்ணன் அதுவரைக்கும் இருப்பாரா? எங்களுக்கு முன்னால் மேடு, பின்னால் பாலம், நடுவில் வெறுங்கையோடு நான்கு பேர். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அன்றைக்கு அவரும் எங்கள் தோட்டத்து வேலிக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வார்டுக்குள் போனோம். அண்ணன் அதேபோலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போன வாரத்தைவிட இன்னும் சின்னதாகத் தெரிந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்து வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அண்ணனின் முதுகில் ஒரு அசைவு. மூக்கை உறிஞ்சினார்.

"அம்மா" என்றார். பல நாளைக்குப் பிறகு அந்தக் குரல். "முர்தபா சாப்புட்டியா?"

அம்மா கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். சித்தப்பாதான் எல்லாவற்றையும் கொட்டினார். பஸ் ஸ்டேசன், சைக்கிள் கடை, பாலத்தடி, கம்பு, லாரி, சட்டிக்காரர், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் கெஞ்சலாக மாறியது. "கேட்டுன்னு நெனைச்சிட்டோம்டா. கேட்டுன்னு நெனைச்சு முழுங்கிட்டோம்டா."

அண்ணனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பினார். சிரிப்பா அழுகையா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மாவின் கையைச் சேலைக்குள்ளிருந்து இழுத்து எடுத்தார். அதைத் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"பாலத்தடிக் கடை" என்றார். "வெங்காயம் வதங்கல."

சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டார்.

"நான் கேட்டது இது இல்ல. கல்யாணம் முடிஞ்சு இவ வீட்டுக்குப் போனப்ப, கடலோரமா ஒக்காந்து ரெண்டு பேரும் ஒண்ண பிச்சுத் தின்னோம். அது." அண்ணியைப் பார்த்தார். "நீ சொல்லலியா?"

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சொன்னாள் அண்ணா, காலையிலிருந்து சொன்னாள், நாங்கள்தான் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நேரம் டிரெஸர் கஞ்சிக் கோப்பையோடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார், எங்கள் வெறுங்கையைப் பார்த்தார். கோப்பையை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி ஒரு கரண்டி எடுத்து, எப்போதும்போலப் பல் கடிபடும் என்று தயங்கி, உதட்டருகே வைத்தாள். அண்ணன் அம்மாவின் விரல்களை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

உப்பில்லாத ஆஸ்பத்திரிக் கஞ்சி. ஒரு கரண்டிக்கு ஒரு தடவை மோந்துகொண்டு, அடுத்ததை வாங்கினார். அம்மா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள், கையை அசைத்தால் எல்லாம் கலைந்துவிடும் என்பதுபோல. வெளியே மணி அடித்தது. டிரெஸர் ஜன்னலைச் சாத்துகிறவர்போலப் போய், அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கோப்பை காலியாகும் வரை அவர் திரும்பவே இல்லை. பிறகு நாங்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம்.

அண்ணன் பிழைத்தார். லயத்து வீடு போனது. அவரும் அண்ணியும் கிளேபாங்கில் அவளுடைய அப்பா வீட்டுக்கே போய்விட்டார்கள். அம்மா என்னோடு தோட்டத்தில் இருந்தாள். அவசரகாலம் முடிந்து வேலியைப் பிடுங்கிய வருஷம், நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவருடைய பழைய காரில் கிளேபாங் போனோம், அண்ணனை எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் அழைத்து வர. கிளம்பும்போது சாயங்காலம். கடலோர ஸ்டால் திறந்திருந்தது. அண்ணி கூடையில் இரண்டு முர்தபா கட்டி வைத்தாள். வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் அது புதுசு.

இருட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் கார் தோட்டத்து முகப்பில் திரும்பியது. கேட்டு இல்லை, காவல் கொட்டகை இல்லை. இரண்டு மரக்கம்பங்கள் மட்டும் யாரும் பிடுங்காமல் நின்றன. விளக்கு வெளிச்சம் அந்தக் கம்பங்களில் பட்டது. அவ்வளவுதான். பின் சீட்டில் பேப்பர் கிழியும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம், சீக்கிரம்" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுதான் இல்லையே அத்தே" என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவர் தோளைப் பிடித்து அமர்த்தினேன். அம்மா எங்கள் யாருக்கும் தரவில்லை. முதல் துண்டைப் பிய்த்து, பக்கத்தில் கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல நீ தின்னுடா. கேட்டு வருது."

அண்ணன் அந்த இரண்டு கம்பங்களையும் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.